குழாயில் இரண்டு தட்டு

டங், டங்.

மேனேஜர் ஆன முதல் நாள் காலை, மாடி அறையிலிருந்து கீழே இறங்க இரும்புப் படியில் கால் வைத்ததுமே அவள் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். அவள் நின்றுவிட்டாள். சலவை ஆலையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுவரோடு ஓடுகிறது நீராவிக் குழாய். அதில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினால் போதும், இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி எல்லாருக்கும் கேட்கும். அதற்கு ஒரே அர்த்தம்தான்: மேலே இருக்கிறவர் கீழே வருகிறார், உஷார்.

இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு மடிப்பு மேஜையில் நின்றவள் அவள். இன்றைக்கு முதல் முறையாக அவளுக்காகவே தட்டுகிறார்கள். சிரிப்பதா, அழுவதா?

மெல்ல இறங்கிப் போனாள். எல்லாரும் பொம்மை மாதிரி நேராக நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜைகள் துடைத்து வைத்தது போல இருந்தன. இவ்வளவு சுத்தமாக இருந்தால் என்ன அர்த்தம் என்பது மற்ற எந்த மேனேஜருக்கும் தெரியாமல் போகலாம், அவளுக்குத் தெரியும். இப்போதுதான் எதையோ ஒளித்திருக்கிறார்கள்.

அவளுக்கு முன்னால் மேனேஜராக இருந்தவரை ஆலையில் எல்லாரும் சிங்கம் என்பார்கள். முகத்துக்கு நேரே அல்ல. நல்ல வேலைக்காரர், எந்த இயந்திரம் எங்கே முனகுகிறது என்று மாடியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். ஆனால் எது நடந்தாலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "யாரு பண்ணது?" அந்தக் கேள்விக்கு அந்த ஆலையில் யாரும் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக ஒளிக்கக் கற்றுக்கொண்டார்கள். சரியாகக் காயாத விரிப்பு வந்தால், கட்டின் மேலேயும் கீழேயும் நன்றாகக் காய்ந்ததை வைத்து, ஈரத்தை நடுவில் செருகிக் கட்டிவிடுவது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் அதை அவர்கள் அத்தனை நேர்த்தியாகச் செய்தார்கள்.

சிங்கம் ஓய்வு பெற்றதும் முதலாளி வெளியிலிருந்து யாரையும் கொண்டுவரவில்லை. மடிப்பு மேஜையில் நின்றவளையே மேலே ஏற்றினார். மறுநாளே ஆலை அவளுக்கு 'மடிப்பு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டது. நேற்றுவரை "தங்கச்சி" என்று கூப்பிட்ட சலவை இயந்திரக்காரர் கூட மேடம் என்றார். குழாயில் தட்டுவது அவர்தான். அதனாலேயே அவருக்குப் பெயர் 'பைப்பு'.

மேடம் என்று கூப்பிடாத ஒரே ஆள் அவளுடைய நாத்தனார். உருளை இஸ்திரியை ஓட்டுகிறவள். ஆலையில் எந்த வேலை வேகமாக நடப்பதும் அவள் கையில்தான் இருந்தது. வீட்டில் இவள் கணவனுக்கு அக்கா, ஆலையில் எல்லாருக்கும் மூத்தவள். "மேலே போனா மட்டும் கொம்பு முளைச்சிருமா? எனக்கு நீ என் தம்பி பொண்டாட்டிதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மடிப்பு மேடம் அதை மறுக்கவில்லை. அண்ணி சொன்னது பொய்யும் இல்லையே.

பிரச்சினை அந்த வாரமே வாசல் ஏறி வந்தது. ஆலைக்கு வரும் துணியில் பாதிக்கு மேல் ஒரே ஆஸ்பத்திரியுடையது. அங்கேயுள்ள தலைமை நர்ஸ் நேரிலேயே வந்துவிட்டார். வந்தவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து மேஜையில் வைத்தார். அறை முழுக்கப் பூஞ்சை வாடை.

ஆபரேஷன் முடிந்து ஆறாத காயத்தோடு படுக்கிறவர்களுக்கு இதையா விரிக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. இனி ஒரே ஒரு கட்டு இப்படி வந்தாலும் துணி முழுவதும் வேறு ஆலைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். விரிப்பை எடுத்துக்கொண்டு போகவில்லை.

முதலாளி அன்று மாலையே வந்தார். ஆஸ்பத்திரித் துணி போனால் உருளை வரிசையையே மூட வேண்டியதுதான், அதில் நிற்கிற அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார். அதற்கு மருந்தும் அவரே சொன்னார்.

"யாரு பண்றான்னு கண்டுபிடி. ரெண்டு பேரை வெளிய அனுப்பு. மத்தவங்க தானா திருந்திருவாங்க."

"சார், பண்றது ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. எல்லாரும்தான். அவங்க எல்லாரையும் அனுப்பிட்டா விரிப்பை நீங்களும் நானும்தான் மடிக்கணும்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த தடவை கட்டு திரும்பி வந்தால் முதலில் வெளியே போவது அவள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அன்றிலிருந்து மாடி அறையில் உட்காரவே இல்லை. டிரையருக்கும் உருளைக்கும் நடுவில் போய் நின்றாள். துவைத்த விரிப்பு டிரையரில் பாதி காய வேண்டும். மிச்ச ஈரத்தைச் சூடான உருளை எடுத்துக்கொள்ளும். பாதி காய்வதற்கு முன்பே வந்துவிட்டால் உருளையாலும் ஒன்றும் செய்ய முடியாது, ஓரத்திலும் மடிப்பிலும் ஈரம் தங்கிவிடும். சரி, டிரையரை ஏன் சீக்கிரமே திறக்கிறார்கள்? ஏனென்றால் உருளை காத்திருக்கக் கூடாது. உருளை நிற்கக் கூடாது என்பது சிங்கத்தின் சட்டம். அவர் போன பிறகும் அந்தச் சட்டம் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

எல்லாரையும் மடிப்பு மேஜைக்குப் பக்கத்தில் கூட்டினாள். ஆஸ்பத்திரி சொன்னதை ஒளிக்காமல் சொன்னாள். முதலாளி சொன்னதையும் சொன்னாள், தன் வேலையைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. இனி ஈரம் இருந்தால் உருளையை நிறுத்தலாம், நிறுத்தியே ஆக வேண்டும் என்றாள். யார் கையில் ஈரம் பட்டாலும் குழாயில் இரண்டு தட்டு. அவள் ஓடி வருவாள். யார் என்று கேட்க மாட்டாள், என்ன ஆச்சு என்றுதான் கேட்பாள்.

பைப்பு தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி மேடம். அப்ப நீங்க வர்றது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "ஒளிக்கிறதைப் பத்தி இவ நமக்குப் பாடம் எடுக்குறா பாரு. நடுவுல செருகுறதுல இவ கையைப் பாத்துத்தான் நாங்க எல்லாம் கத்துக்கிட்டோம்" என்றாள்.

"அதனாலதான் அண்ணி சொல்றேன். எங்க செருகுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் யாரும் தட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கட்டுகளை அவளே பிரித்துப் பார்த்து, ஈரத்தை உருவி எடுத்து, மறுபடி காயப்போட்டு அனுப்பினாள். ஒரு ஆள் எத்தனை கட்டைப் பிரிக்க முடியும்? வீட்டுக்கு வந்தால் கை மரத்துப்போய்விடும். ஆலை முழுவதையும் உன் இரண்டு கையாலேயே துவைத்துவிடலாம் என்று பார்க்கிறாயா என்று கணவன் கேட்டான். அக்காவிடம் தான் பேசிப் பார்க்கட்டுமா என்றும் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குள்ளிருந்து ஆலையை நடத்த ஆரம்பித்தால், ஆலையும் நடக்காது, வீடும் நடக்காது.

அண்ணியின் மனசு அவளுக்குத் தெரியாமல் இல்லை. சிங்கம் யாரையும் பாராட்டாத மனிதர். போகிற அன்று ஒரே ஒருத்தரைப் பாராட்டிவிட்டுப் போனார்: "இந்தம்மா உருளை ஒரு நாளும் நின்னதில்லை." அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாத்தனார் நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தாள். அதைக் கழற்றி வை என்று தம்பி பொண்டாட்டி சொன்னால் எப்படி இருக்கும்?

இப்படி இருக்கையில் ஒரு நாள் சேதி வந்தது: ஆஸ்பத்திரியில் மறுநாள் நிறைய ஆபரேஷன்கள். அதற்கான துணி மொத்தமாக அன்று போக வேண்டும். காலையிலிருந்தே ஆலை மூச்சு விடாமல் ஓடியது. மதியம் தலைமை நர்ஸ் போனில் வந்தார். அந்த இரைச்சலில் பேச முடியாதென்று அவள் மாடி அறைக்கு ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேன் கிளம்பப் போகிறது, சாயங்காலத்துக்குள் எல்லாம் வந்துவிடும் என்று உறுதி சொன்னாள்.

போனை வைத்தாள்.

டங், டங்.

மேலே ஏறிவிட்டவளுக்கு எதற்குத் தட்டுகிறார்கள்? ஒரு கணம்தான். பிறகு புரிந்தது. யாரோ ஈரத்தைச் சொல்கிறார்கள். முதல் தடவையாக, தாங்களாகவே அவளைக் கூப்பிடுகிறார்கள். இரும்புப் படியில் தடதடவென்று இறங்கினாள். சந்தோஷத்தில் கடைசிப் படி தவறப் பார்த்தது.

கீழே எல்லாரும் நேராக நின்றுகொண்டிருந்தார்கள். மேஜைகள் துடைத்து வைத்தது போல இருந்தன. ஒரு விரிப்பு கூடக் கண்ணில் படவில்லை. உருளை வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. குழாய்க்குப் பக்கத்தில், கையில் ஸ்பேனரோடு, மடிப்பு மேஜைக்காரர் 'கண்ணாடி' நின்றிருந்தார். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மேடம், நான் உங்களைத்தான் கூப்பிட்டேன்" என்றார். "டிரையர்ல சூடே ஏறல. வந்த விரிப்பு எல்லாம் சொதசொதன்னு இருந்துச்சு. நீங்க போன்ல இருந்தப்பவே ஒரு தடவை தட்டினேன், இப்ப மறுபடியும். முதல் தடவை தட்டினதும் இவங்க எல்லாம்..."

அவர் முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தட்டுச் சத்தம் கேட்டதும் அத்தனை கைகளும் காலம்காலமாகச் செய்ததையே செய்திருந்தன. ஈரத்தை நடுவில் செருகி, கட்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, வேனுக்கு அனுப்பிவிட்டன. யாரும் யோசித்துச் செய்யவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூக்கத்தில் நடந்தவர்களை யாரோ எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

வெளியே வேன் உறுமியது.

அவள் ஓடினாள். வாசலைத் தாண்டப் போன வேனுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு, சாகத் துணிந்துவிட்டீர்களா மேடம் என்று கேட்டார். எல்லாக் கட்டையும் இறக்கச் சொன்னாள். முனகிக்கொண்டே இறக்கினார்.

முற்றம் நிறையக் கட்டுகள். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை, ஒரே மாதிரி முடிச்சு. எதில் ஈரம் என்று வெளியே இருந்து பார்த்து உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. அத்தனையையும் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டினால் பொழுது போய்விடும். கட்டியவர்கள் சொன்னால்தான் உண்டு.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் உள்ளே வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவரும் உறுதி சொல்லியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் நெற்றி நரம்பு புடைத்தது. மேலே கீழே காய்ந்துதானே இருக்கிறது, இன்றைக்கு அனுப்பு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "யாரு பண்ணது?"

சிங்கம் போய்விட்டார் என்று யார் சொன்னது? முற்றத்தில் எல்லாத் தலையும் குனிந்தது.

"சார், நான் பண்ணினது" என்றாள் அவள்.

"என்ன?"

"வருஷக்கணக்கா 'ஒளி'ன்னு சொன்ன சத்தத்தை எடுத்து, 'ஒளிக்காதே'ன்னு சொல்லச் சொன்னேன். காது எதை நம்பும்? தப்பு இவங்க மேல இல்ல. பேரு வேணும்னா என் பேரை வச்சுக்கங்க. ஆனா இந்தக் கட்டு இப்படியே போகாது. நான் இருக்கிறவரைக்கும் போகாது."

முதலாளி பதில் சொல்வதற்குள் அவள் போனை எடுத்துத் தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள். எல்லார் காதிலும் விழும்படியே பேசினாள். சில கட்டுகளில் ஈரம் இருக்கிறது, எதில் என்று இப்போது தெரியாது, தெரியாமல் அனுப்பப் போவதில்லை, மன்னிக்க வேண்டும், முதலில் எது கட்டாயம் வேண்டும் என்று கேட்டாள். ஆபரேஷன் அறைத் துணி முதலில் வரட்டும், வார்டுக்கு உரியது பொழுது சாய்ந்து வந்தாலும் சமாளித்துக்கொள்கிறேன் என்றார் நர்ஸ்.

போனை வைத்துவிட்டு அவள் கட்டுகளுக்கு நடுவே போய் நின்றாள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"யார்னு நான் கேக்கல. எதுன்னு மட்டும் சொல்லுங்க."

பைப்பு செருப்பைப் பார்த்தார். கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி நிற்கிற இடத்தில் எவன் வாயைத் திறப்பான்? அவள் காத்திருந்தாள். கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நகர்வதாகவும் இல்லை.

உள்ளே ஏதோ சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. முதலில் யாருக்கும் என்னவென்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. உருளை நின்றிருந்தது.

நாத்தனார் வெளியே வந்தாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், நேராக ஒரு கட்டின் பக்கம் போனாள். அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இது நான் கட்டினது. நடுவுல பூராவும் ஈரம்." பக்கத்துக் கட்டைக் காலால் தொட்டுக் காட்டினாள். "இதுவும்." பிறகு முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். "டிரையர் காயலன்னு கை தொட்டதுமே தெரிஞ்சுது. உருளை நிக்கக் கூடாதுன்னு விட்டேன். என்னை அனுப்புறதுன்னா அனுப்புங்க. இவளை எதுக்குத் திட்டுறீங்க?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. இது என்னுடையது என்று கண்ணாடி ஒன்றை இழுத்தார். சூடு குறைந்தது காலையிலேயே தெரியும், உருளை கேட்டுக்கொண்டே இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன் என்றார் பைப்பு. ஆளுக்கு ஒன்று இரண்டாகக் கட்டுகள் ஒரு பக்கமாக ஒதுங்கின. பார்த்தால், கெட்டது அவ்வளவு அதிகம் இல்லை. இத்தனைக்காகவா இவ்வளவு காலம் இதயம் இப்படி அடித்துக்கொண்டது என்று எல்லாருக்குமே தோன்றியிருக்கும்.

ஆபரேஷன் அறைக்கான நல்ல கட்டுகள் வேனில் ஏறின. பழுதான டிரையரைப் பைப்பு பிரித்துப் போட்டார். சூடான காற்றைத் தள்ளும் விசிறியின் பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. மற்ற டிரையரில், அவசரப்படாமல், காய வேண்டிய அளவு காய்ந்த பிறகே விரிப்புகள் உருளைக்கு வந்தன. நாத்தனார் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். காத்திருக்கிற உருளைக்காரியை அந்த ஆலை முதல் தடவையாகப் பார்த்தது. முதலாளி கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வேனுக்குக் கட்டு தூக்கினார். அவர் தூக்கின கட்டு கோணலாக இருந்தது என்று டிரைவர் பின்னால் சொல்லிச் சிரித்தாராம்.

கடைசி வேனோடு அவளும் போனாள். தலைமை நர்ஸ் ஒவ்வொரு கட்டிலும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். அவசரமே படவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"ஈரத்தை அனுப்பிட்டு மன்னிப்பு கேக்குறவங்களை நிறையப் பாத்திருக்கேன்" என்றார் நர்ஸ் கடைசியில். "அனுப்பாம இருக்கிறதுக்குக் கேக்குறவங்களை இன்னைக்குத்தான் பாக்குறேன்." துணி தொடருமா என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆலைக்கு நேரில் வந்து பார்த்த பிறகே சொல்வேன் என்றார்.

"வாங்கம்மா. எப்ப வர்றீங்கன்னு சொல்ல வேண்டாம். சும்மா வாங்க."

மறுநாள் காலை அவள் முதலில் செய்த வேலை, பைப்பின் ஸ்பேனரைக் கேட்டு வாங்கியதுதான். தன் தம்பியையே பிரிகிற மாதிரி அவர் கொடுத்தார். கடைத்தெருவிலிருந்து ஒரு பெரிய பித்தளை மணி வாங்கி வந்திருந்தாள். பழைய சத்தத்தில் புது வார்த்தையை ஏற்றக் கூடாது என்று பாடம் கற்றாயிற்று. புது வார்த்தைக்குப் புதுச் சத்தம். எங்கே தொங்கவிடுவது என்று பைப்பு கேட்டார். மாடிப்படிக்குப் பக்கத்திலா?

"உருளைக்குப் பக்கத்துல. அண்ணி கை எட்டுற இடத்துல."

நாத்தனார் மணியைப் பார்த்தாள். அவளையும் பார்த்தாள். "பூஜை பண்ணச் சொல்லுவியோ?" என்றாள். ஆனால் ஆணி அடிக்கும்போது இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று அளவு சொன்னதும் அவள்தான்.

தலைமை நர்ஸ் சொன்னபடியே சொல்லாமல் வந்தார். அவரை அழைத்துக்கொண்டு மடிப்பு மேடம் இரும்புப் படியில் இறங்கினாள். யாரும் குழாயில் தட்டவில்லை. யாரும் பொம்மையாகவும் ஆகவில்லை. மேஜையில் பாதி மடித்த விரிப்புகள் கிடந்தன, கண்ணாடி யாரோடோ வம்பளந்துகொண்டிருந்தார். நர்ஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

உருளைக்கு அருகே வந்தபோது மணி அடித்தது.

உருளை நின்றது. வந்திருப்பது யார் என்று நாத்தனாருக்குத் தெரியாமல் இல்லை. அவர் கண்ணுக்கு நேராகவே ஒரு விரிப்பை உருவி எடுத்து, ஓரத்தை விரல்களுக்கு நடுவில் பிசைந்து காட்டினாள்.

"சின்னவளே, இங்க வா. இது காயல."

மடிப்பு மேடம் யார் என்று கேட்கவில்லை. நர்ஸை அங்கேயே நிற்க விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கையை வைத்துப் பார்த்தாள். உண்மைதான், ஈரம் இருந்தது. அவர்கள் இருவரும் டிரையரின் பக்கம் நடந்தார்கள். பைப்பு அதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

பின்னால், தலைமை நர்ஸ் தன் பையிலிருந்து துணி ஒப்பந்தத் தாளையும் பேனாவையும் எடுத்தார்.